மூக்குரேகை செல்லாது

அக்கா சமையலறையிலிருந்து வந்து நின்றபோது அவள் மூக்கு நுனியில் சாக்லெட் அப்பியிருந்தது. இரண்டு கைகளிலும் முழங்கை வரை மாவு.

"உன் ஆப் மறுபடியும் தூங்கிடுச்சுடி. மூக்கால தட்டி எழுப்பினேன். கைரேகை வைங்குது. மூக்குரேகையை ஒத்துக்க மாட்டேங்குது."

தங்கை சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மறுநாள் காலை ஒரு பெரிய ஹோட்டலில் அக்கா கேக் செய்து காட்ட வேண்டும், பிடித்துப்போனால் வேலை. போன முறை வேறொரு ஹோட்டலில், எதிரே நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முட்டையே சேர்க்காமல் மாவை அடுப்பில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தங்கை இந்த ஆப்பை எழுதினாள். செய்முறையின் ஒவ்வொரு படியும் பெரிய எழுத்தில் தெரியும். "அடுத்தது" என்று வாயால் சொன்னால் போதும், அடுத்த படி வந்து நிற்கும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் அதைப் பற்றி வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தாள்.

"என் போன்ல ஒரு மாசமா ஓடுது, ஒரு தடவைகூட அணையல. உன் போன் பழசுக்கா."

"அப்ப உன் போனைக் குடு."

"தாராளமா."

கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனை நீட்டினாள். அக்கா அதை அடுப்பருகே சாய்த்து வைத்துவிட்டுச் சாக்லெட்டைக் கிளறினாள். தங்கை கதவோரம் நின்றாள், ஜெயித்த முகத்தோடு. சாக்லெட் பாதிகூட உருகவில்லை. திரை மங்கியது, பிறகு அணைந்தே போனது. அக்கா கரண்டியால் போனைச் சுட்டிக் காட்டினாள்.

தங்கைக்கு அசடு வழிந்தது. கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைப் பார்த்ததும்தான் மண்டையில் உறைத்தது. சோதனை செய்யும்போது திரை அணைந்து அணைந்து தொல்லை கொடுக்குமே என்று, ஒயரில் இருக்கும்வரை விழித்திருக்கும்படி எப்போதோ அவளே போனில் மாற்றி வைத்திருந்தாள். வைத்ததைச் சுத்தமாக மறந்துவிட்டாள். இத்தனை நாளும் திரையை விழிக்க வைத்தது அந்த ஒயர். அவள் ஆப்புக்கு அதில் பங்கே இல்லை.

"நான் வேணா செட்டிங்ஸ்ல மாத்திக்கறேன், விடு," என்றாள் அக்கா.

"தொடாதே. அப்புறம் எந்நேரமும் எரிஞ்சு சார்ஜ் தீந்துடும். மாவு பிசையறவங்கல்லாம் செட்டிங்ஸை நோண்டிக்கிட்டா இருப்பாங்க? இது என் ஆப் பாத்துக்க வேண்டிய வேலை. இதோ வந்துட்டேன்."

போனை மறுபடியும் ஒயரில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு வரிதான். படிகள் ஓடும் பக்கம் திறந்திருக்கும்வரை திரை விழித்திருக்கும். மூடினால் வழக்கம்போல் அணையும். எழுதி முடித்த கையோடு ஒயரைப் பிடுங்கிப் போட்டாள். போனை மேசைமேல் வைத்துவிட்டு, தொடாமல், கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அணையவில்லை. அக்காவின் போனிலும் ஏற்றிப் பார்த்தாள். அதுவும் அணையவில்லை.

"நாளைக்கு தைரியமா போக்கா. உன்னை விட்டுட்டு இது தூங்காது."

மறுநாள் மத்தியானம் அழைப்புமணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அக்கா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்த நடிப்பு பிடிக்கும். தங்கை அந்த முகத்தைக் கண்டுகொள்ளவில்லை, நேரே மூக்கைத்தான் பார்த்தாள். அதில் ஒரு பொட்டு சாக்லெட்கூட இல்லை.

"என்னைக்கு வேலைக்கு வரச் சொன்னாங்க?"

"திங்கக்கிழமை," என்ற அக்காவுக்கு அதற்குமேல் நடிக்க முடியவில்லை. தங்கையை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "இன்னைக்கும் நாலு பேர் கையைக் கட்டிக்கிட்டுத்தான் நின்னாங்க. நான் அவங்க பக்கம் திரும்பவே இல்லடி. நீ எழுதி வச்சதையே பாத்துக்கிட்டிருந்தேன்."