கைவேலை

திரௌபதியின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அர்ச்சுனன் நிறம் பார்த்தான். "சே, மஞ்சளு தட்டிப்போச்சு," என்றான். மடியில் பாதி வரைந்த அட்டை இருந்தது.

பெயர்ப் பொருத்தம் ஒன்றைப் பார்த்தே நல்லூரில் கட்டி வைத்த கல்யாணம். மற்றப் பொருத்தங்களைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள். அவருக்கும் ஆயிரம் வேலை. விருத்தாசலம் செராமிக் பட்டறையில் அவள் அச்சுகளில் களிமண் குழம்பு ஊற்றினாள். அதே பட்டறையில் அவன் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டினான். கிடைத்தால் சுவர் விளம்பரமும் வரைவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கை. அவன் எழுதிய பொம்மைக் கண் நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கென்று புதிதாகச் சட்டம் வந்திருந்த சமயம். வக்கீல் கயல்விழி அர்ச்சுனனைத் தேடிப் பட்டறைக்கே வந்தார். "சட்டத்த எழுதிப் போட்டா யாருங்க நின்னு படிப்பாங்க? படிக்கத் தெரியாதவங்களும் பார்த்ததும் புரிஞ்சிக்கணும். அடி வாங்கின ஒரு பொம்பள மூஞ்சி, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செவுரு பூரா வரணும்," என்றார்.

அந்த வாரமே வீட்டுக் குழம்பில் உப்பு கூடிப்போனது. அவன் விட்ட அறையில் இடது கண்ணுக்குக் கீழே கன்றிப்போனது. அது புதிதில்லை. மறுநாள் அவளை எதிரில் உட்கார வைத்து, அந்தக் கன்றலைப் பார்த்துப் பார்த்து அவன் கலர் குழைத்ததுதான் புதிது. கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தை அவன் அவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. ஆனால் மாதிரிப் படம் முடிவதற்குள் ஊதா மங்கி, மஞ்சள் ஏறிவிட்டது.

அர்ச்சுனன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். கோபமே இல்லாமல், இடம் பார்த்து, அதே இடத்தில் அடித்தான்.

கோபத்தில் விழுந்த அடியை எல்லாம் தலையெழுத்து என்று தாங்கியவள்தான். இது பொறுக்கவில்லை. வக்கீலம்மாவிடம் சொல்லியே தீருவது என்று முடிவு செய்தாள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவர்ப் படத்தின் திறப்பு விழாவுக்கு மைக் செட் கட்டியிருந்தார்கள். விழிப்புணர்வு நாடகம் போட வந்த பெண்கள் முகத்தில் ரத்தச் சாயத்தோடு ஓரமாக நின்று டீ குடித்தார்கள். அர்ச்சுனனுக்குச் சால்வை விழுந்த நேரம் பார்த்து, திரௌபதி கயல்விழியின் முன்னால் போய் முந்தானையை விலக்கினாள்.

"யாரும்மா இத பண்ணது?"

புருஷன் பெயரைச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. 'அடிச்சாரு' என்ற வார்த்தையும் தொண்டையில் நின்றுகொண்டது. சுவரைக் காட்டினாள். "அத வரைஞ்சவருதாங்க. எல்லாம் எங்க வூட்டுக்காரரு கைவேலை."

கயல்விழி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "அடேங்கப்பா! நாடகத்துக்கும் அவருதான் மேக்கப்பா? நெசம் மாதிரியே இருக்குது!" என்று கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். திரௌபதி பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

விரலில் சாயம் ஒட்டவில்லை. கயல்விழியின் சிரிப்பு நின்றது. அதற்குள் அர்ச்சுனன் சால்வையோடு பக்கத்தில் வந்துவிட்டான். "மேடம், இங்க பாருங்க," என்றார் போட்டோக்காரர். மேடையில் பெரிய மனிதர்கள் காத்திருந்தார்கள். கயல்விழி நல்லவர்தான், நல்லவர்களுக்கும் விழா நல்லபடியாக முடிய வேண்டுமே. சுத்தமாக இருந்த விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு காமிராவைப் பார்த்தார். பிறகு அவனிடம், "மங்கலம்பேட்டை செவுரையும் நீங்களே பண்ணிடுங்க," என்றார். திரௌபதியின் பக்கம் அதற்கப்புறம் அவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து திரௌபதி அடுப்பு மூட்டி உலை வைத்தாள். அழக்கூடத் தோன்றவில்லை. அர்ச்சுனன் குஷியாகப் புது அட்டை ஒன்றை எடுத்து வந்து அவள் பக்கத்தில் குந்தினான்.

"மங்கலம்பேட்டைக்கு வரதட்சணைக் கொடுமையாம். தீக்காயம் வரையணும்," என்றபடி பென்சில் சீவினான். "அடுப்ப அணைச்சிடாத."

அவள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். சோறு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. இறக்கி வைக்க அவளுக்குக் கை நீளவில்லை.