ஃபேன் காற்று

கண்டக்டர் அக்கா விசில் அடித்தால் வார்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இரண்டு விரலை வாயில் விட்டு, நாக்கை மடித்து, கன்னத்தை இறுக்கி அவள் ஊதுகிற ஊதில், தொண்டையில் குழாயோடு கிடந்த பக்கத்துக் கட்டில்காரிகூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

முக நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்த வார்டில் தினமும் ஒரு சடங்கு உண்டு. புருவத்தைத் தூக்கு, கண்ணை இறுக்கி மூடு, பல்லைக் காட்டு, கன்னத்தை உப்பு, கடைசியாக விசில் அடி. மற்றவர்கள் உதட்டைக் குவித்து வெட்கப்படுவதோடு சரி. இவள் ஒருத்திதான் பரீட்சையில் கேட்ட கேள்விக்கு மேலேயே பதில் எழுதுகிற ரகம்.

"போதுமா சின்ன டாக்டரம்மா? டபுள் அடிக்கட்டுமா? டபுள் கேட்டா எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துருவார். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வீட்டுக்காரர் அதே பஸ்ஸின் டிரைவர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போகலாம். வீட்டிலும் அதே சட்டம்தான் என்பார் அவர். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஒத்தை விசில்தான்மா. இன்னும் கிளம்பவே விடல."

சின்ன டாக்டர் என்பது வார்டு வைத்த பெயர். மேற்படிப்புக்காக அங்கே மாடாக உழைத்துக்கொண்டிருந்த மாணவி அவள். அவள் பரம்பரையில் பட்டம் என்றால் அதுவரை வாலோடு வானத்தில் பறப்பது. அவள் கிளம்பும்போது அப்பா சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "கையில காகிதம் வர்ற வரைக்கும் பெரிய மனுஷங்க முன்னாடி வாயைத் திறக்காதே."

கண்டக்டர் அக்காவின் இடது காதுக்குக் கீழே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. பார்த்த இடத்திலெல்லாம் கொழுப்புக் கட்டி என்றார்கள். ஊசி குத்திப் பார்த்தவர்கள் சாதாக் கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். வலிக்கிறதா என்று கேட்டது சின்ன டாக்டர்தான்.

"பகல்ல கூட்டத்துல மறந்துடும். படுத்தா, உள்ள யாரோ கம்பியை விட்டுக் குடையற மாதிரி இருக்கும்."

உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் சாதாக் கட்டி அப்படி வலிக்காது. மறுபடி சதைத் துண்டு எடுத்து அனுப்பினாள். பரிசோதனைக் கூடத்தில் தவம் கிடந்து, மைக்ரோஸ்கோப்பில் தானே கண்ணை வைத்துப் பார்த்தாள். வட்ட வட்டமாக ஓட்டைகள், சல்லடை மாதிரி. புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்திருந்த அபூர்வமான புற்று. மெதுவாக வளரும், அவசரமே படாது, ஆனால் நரம்பைப் பிடித்துக்கொண்டால் அதிலேயே ஊர்ந்து மண்டை எலும்புவரை போகும். அப்போது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பரிதாபம் பிறகு வந்தது, அதுவும் வராண்டாவில் நடக்கும்போது.

துறைத் தலைவருக்கும் சந்தோஷம். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மைக் சார்.

"முத்து மாதிரி கேஸ்மா! இதை ஒர்க்‌ஷாப்புக்கு வெச்சுக்கலாம். கட்டுரையில உன் பேரும் வரும். என் பேருக்கு அடுத்து."

அடுத்த மாதக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய சர்ஜன் வருகிறார். அவர் அறுவை செய்வதைப் பெரிய அரங்கில் திரையில் நேரடியாகக் காட்டுவார்கள். அதற்குத் தோதான கேஸ் இல்லையே என்று மைக் சார் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

"ஒர்க்‌ஷாப்பா?" என்றாள் கண்டக்டர் அக்கா. "பஸ்ஸைத்தான் அங்க விடுவாங்க. விட்ட வண்டி எதுவும் உருப்படியா திரும்பினதில்ல." வார்டே சிரித்தது. சின்ன டாக்டரும் சிரித்தாள்.

காத்திருந்தார்கள். கட்டி காத்திருக்கவில்லை.

ஒரு காலை, வழக்கம்போல விரலை வாயில் வைத்து ஊதினாள். சத்தம் வந்தது, கூடவே இடது ஓரத்தில் புஸ்ஸென்று காற்று கசிந்தது. அவளே ஆச்சரியப்பட்டு மறுபடி ஊதினாள். மறுபடி கசிவு. சின்ன டாக்டர் கண்ணை மூடச் சொல்லி இமையை விரலால் திறக்கப் பார்த்தாள். வலது இமை எதிர்த்து நின்றது. இடது இமை நனைந்த காகிதம்போலத் திறந்துகொண்டது.

நரம்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. இந்த வாரமே அறுத்தால் ஒருவேளை ஒரு கிளையோடு போகும். மீதி முகம் தப்பும்.

மைக் சாரின் அறைக்கு ஓடினாள். அவர் அழைப்பிதழில் தன் புகைப்படம் சிறியதாக வந்திருப்பதாக அச்சகத்துக்காரரிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றாள். சொன்னாள்.

அவர் முகம் மலர்ந்தது. "நரம்புலயும் இறங்கிடுச்சா? அப்ப இன்னும் நல்லது. காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டறதையும் சேர்த்துக் காட்டிடலாம்."

"சார், இப்பவே பண்ணா முகம் தப்பும் சார். ஒர்க்‌ஷாப்புக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

"இத்தனை நாள் மெதுவா வளர்ந்த கட்டி, மூணு வாரத்துல என்ன மாரத்தானா ஓடப் போகுது?" பேனாவை மூடினார். "உன் பரீட்சை எப்பம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பா சொன்னது சரியாக அந்த இடத்தில் வந்து பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டது.

"போய் பேஷன்ட்டைப் பதட்டப்படாம பாத்துக்கோ. இனிமே அந்த விசில் கூத்தெல்லாம் வேண்டாம்."

திரும்பி வந்தபோது டிரைவரும் வந்திருந்தார். மனைவியின் முகத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்மா, வாய் ஒரு பக்கமா கோணுதே. கட்டியாலயா? என் தம்பி வேற ஆஸ்பத்திரியில விசாரிச்சிருக்கான். நாளைக்கே அட்மிஷன் போட்டு ஆபரேஷன் பண்றாங்களாம். வண்டி இருக்கு, ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே ஏத்திட்டுப் போயிடறேன்."

ஒரு வார்த்தைதான். கண்டக்டர் அக்காவும் அவளையே பார்த்தாள், சில்லறைக்குக் காத்திருக்கிற பயணிபோல.

சின்ன டாக்டர் அண்ணாந்தாள். கட்டிலுக்கு நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"நேரா ஃபேன் காத்துல படுக்கறீங்கல்லக்கா. அதான் முகத்துல காத்து புடிச்சிருக்கு. தானா சரியாயிடும். வெளிநாட்டு டாக்டர் கை வைக்கப் போறார், அந்தப் பாக்கியத்தை விட்டுட்டு எங்க போவீங்க?"

இருவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் டிரைவர். அவர் எதையும் சொல்லியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அந்த மூலையில் ஃபேன் ஓடவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கும் காலம். பக்கத்துக் கட்டில்காரி கையாலேயே திட்டினாள். கண்டக்டர் அக்கா வேர்வையில் ஊறி, தலையில் துண்டைச் சுற்றி, காதைப் பொத்திக்கொண்டு பத்தியம் இருந்தாள். காற்று போகவில்லை. தண்ணீர் குடித்தால் ஓரமாக வழிந்தது. இடது புருவம் தூங்கிவிட்டது. "சின்ன டாக்டரம்மா, பொல்லாத காத்து போலிருக்கே," என்பாள். சின்ன டாக்டர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வாள்.

ஒர்க்‌ஷாப் அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. அறுவை அரங்கில் தோலை விலக்கிப் பிடிக்கும் கொக்கி சின்ன டாக்டரின் கையில். முக நரம்பு வெள்ளை நூல்போல இருக்க வேண்டும். இது ஊறிய கயிறுபோலத் தடித்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. விருந்தாளி சர்ஜன் நிமிர்ந்து, முகம் எத்தனை நாளாக இழுத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நேத்துதான்," என்றார் மைக் சார், மைக்கில்.

சர்ஜனின் பார்வை நம்பாமல் நகர்ந்து சின்ன டாக்டரிடம் வந்து நின்றது. முகமூடிக்கு மேலே இருந்த அவள் கண்கள் ஆமாம் என்றன. தலையும் ஆடியது.

நரம்பை வெட்டினார்கள். வெட்டுமுனையை உறைய வைத்துச் சோதித்த பரிசோதனைக் கூடம் ஒலிபெருக்கியில் சொன்னது: முனையில் புற்று இருக்கிறது. இன்னும் மேலே வெட்டினார்கள். இருக்கிறது. காதுக்குப் பின் எலும்பைக் குடைந்து துரத்தினார்கள். இருக்கிறது. விருந்தாளி கருவியைக் கீழே வைத்தார். மீதியைக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்த மைக் சார், காலில் எடுத்த நரம்பை ஒட்டும் படலத்துக்குத் தாவினார். கடைசித் தையலுக்கு அரங்கம் கைதட்டியது. அது ஒலிபெருக்கி வழியாக உள்ளே, மயங்கிக் கிடந்தவளின் திறந்த கன்னத்துக்கு மேல் வந்து விழுந்தது.

தையல் பிரித்து, மாதக்கணக்கில் கரண்டும் வைத்து முடித்த பிறகு மைக் சார் புது மாணவர்களோடு வார்டுக்கு வந்தார்.

கண்டக்டர் அக்காவின் இடது பாதி முகம் கழற்றி மாட்டிய சட்டைபோலத் தொங்கியது. கண் மூடாது. இமையை ஒட்டுப்போட்டு மூடிப் படுத்தாலும் தூக்கத்தில் பிரிந்துகொண்டது. "கண்ணைத் திறந்துகிட்டே தூங்கறேனாம். டூட்டில தூங்க வசதின்னு எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றார்," என்றாள், பாதி வாயால். டிரைவர் சிரிக்கவில்லை. பஸ்ஸில் மின்சார மணி மாட்டியாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"எங்கம்மா, விசில் அடி பாப்போம்," என்றார் மைக் சார்.

அவள் உற்சாகமாக விரலை வாயில் வைத்தாள். கன்னத்தை இறுக்கினாள். இறுக எதுவும் இல்லை. ஸ்ஸ்ஸென்று காற்றும் எச்சிலும் தெறித்தன. முன்னால் நின்ற மாணவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மொத்த நரம்பும் போன முகம். நல்லாப் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவள் புடவைத் தலைப்பால் மோவாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சின்ன டாக்டரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? உங்க மேல என்ன தப்பு? நீங்க முன்னாடியே கண்டுபுடிச்சு சொன்னீங்க. நான்தான் மாசக்கணக்கா ஃபேன் அடியில கிடந்து கெடுத்துக்கிட்டேன். பாவி நான். அந்தக் காத்து உள்ள போய் உக்காந்துடுச்சு."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "எவ்வளவோ சொன்னேன்," என்றார்.

சின்ன டாக்டரின் பரீட்சை முடிந்திருந்தது. காகிதம் கைக்கு வந்துவிட்டது. இனி வாயைத் திறக்கலாம். அவள் திறந்தாள்.

"இப்ப யார்க்கா ஃபேனைப் போட்டது?" என்றாள்.

போய் சுவிட்சை அணைத்தாள்.