துவைக்காமல் வைத்தது

அக்காவின் பூனையை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும் என்று சொன்னால் அது முக்கால் பொய். வாலை மட்டும் தெரியும். நான் படியேறும் சத்தம் கேட்டதுமே மிச்சமெல்லாம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்விடும்.

"நிஜமாவே பூனைன்னு ஒண்ணு இருக்கா, இல்ல மீனையெல்லாம் நீயே சாப்பிட்டுட்டு அது பேரைச் சொல்றியா?" என்று சீண்டுவேன்.

"உன் மேல அடிக்கிற சோப்பு நெடி மனுஷங்களுக்கே தாங்காதுடா. அது பாவம், வாயில்லா ஜீவன்" என்பாள் அக்கா.

சோப்பு நெடி அடிக்கத்தான் செய்யும். எங்களுடையது சலவைக் கடை. அப்பா காலத்திலிருந்தே முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. நானும் அக்காவும் அழுக்கு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் உட்காருவாள். நான் அன்றைக்கு வந்த துணிகளில் ஒன்றை உருவி அவள் மூக்குக்கு நேரே நீட்டுவேன். "பேக்கரிக்காரர்" என்பாள். அடுத்ததற்கு "பல் டாக்டர்." அதற்கடுத்ததைக் கொஞ்சம் நேரம் எடுத்து முகர்ந்துவிட்டு, "நம்ம கணக்கு டீச்சர். பாவம், அழுதிருக்காங்க" என்பாள். அழுகைக்கு ஏது வாசனை என்று நான் மல்லுக்கு நிற்பேன். அவள் அசைந்து கொடுக்கமாட்டாள். ஒரு நாள் அவளை ஏமாற்ற என் சட்டையையே கழற்றி நீட்டினேன். "இது ஒரு திருட்டுப் பயலோடது. பாக்கெட்ல பிஸ்கட் இருக்கு, அதுல பாதி எனக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமலே. அந்தச் சாயங்காலங்களில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது வந்து சொன்னால், கடையை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுவேன்.

பெரியவளானதும் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் தனியாக இருந்தாள். கல்யாணம் வேண்டவே வேண்டாம் என்றவள் பூனையை மட்டும் வேண்டும் என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து படியேறியவள் மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மருந்துக்கடை முதலாளி ஓடிப் போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் அழவில்லை. எனக்குக் கை சும்மா இருக்காது. அவள் துணிமணி அத்தனையையும் மூட்டை கட்டிக் கடைக்குக் கொண்டுவந்து, நானே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். திரைச்சீலை, தலையணை உறை, வாசலில் கிடந்த மிதியடி என்று ஒன்றையும் விடவில்லை. மூன்று நாள் வேறு யார் துணியையும் தொடவில்லை. என் மனைவிதான் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிச் சமாளித்தாள்.

பூனை மட்டும் யார் கைக்கும் சிக்காமல் ஏழு வாரம் தன் போர்வையோடு அந்த அறையிலேயே இருந்தது. மருந்துக்கடை முதலாளி தினமும் சாப்பாடு வைத்தார். புதிதாக ஆள் குடிவரப் போவதால் அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றபோது, எப்படியோ அதைக் கூடைக்குள் தள்ளி, அது படுத்திருந்த போர்வையோடு என்னிடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். எங்கள் நாய், பெயர் இன்ஸ்பெக்டர். கடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையையும் மோப்பம் பிடித்துத் தலையாட்டிய பிறகுதான் உள்ளே விடுவார். ஒன்பது வயது, ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கிற உடம்பு. இதுவரை ஒருவரையும் கடித்ததில்லை. அவரிடம் இருப்பதெல்லாம் அன்புத் தொல்லைதான். பூனையைப் பின்னறையில் விட்டுவிட்டு நான் கதவைத் திறந்ததுதான் தாமதம், புது விருந்தாளியை வரவேற்க என் கால் நடுவே நுழைந்து பாய்ந்தார். பூனை திரைச்சீலை மேல் ஏறி, அங்கிருந்து குதித்து, துணி பீரோவுக்கு அடியில் போய்விட்டது. இன்ஸ்பெக்டரை வெளியே இழுத்துப் போடுவதற்குள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

அது முதல் தப்பு. இரண்டாவதை யோசித்துச் செய்தேன், அதுதான் கொடுமை. கூடையிலிருந்த போர்வையைப் பார்த்தேன். முடியும் மீன் கறையுமாக இருந்தது. அழுக்குத் துணி எங்கள் வீட்டில் மறுநாள் வரை கிடந்ததில்லை. வெந்நீரில் இரண்டு முறை அலசி, இஸ்திரி போட்டு, நாலாக மடித்து பீரோவுக்கு முன்னால் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பூனை வெளியே வந்தது. அதன் முகத்தை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன், சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. போர்வையை ஓரத்திலிருந்து ஓரம் வரை முகர்ந்தது. என்னைப் பார்த்தது. மறுபடி உள்ளே போய்விட்டது. அதன்பின் சாப்பாட்டைத் தொடவில்லை.

"பூனைக்கு இஸ்திரி போட்ட போர்வை. அடுத்து ஒரு டை கட்டி விடுங்க" என்றாள் மனைவி.

இரண்டாவது நாளும் தட்டு வைத்தபடியே இருந்தது. எங்கள் வாடிக்கையாளரான கால்நடை டாக்டருக்குப் போன் செய்தேன்.

"பழைய வீட்டுத் துணி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"இருக்கு டாக்டர். நல்லா துவைச்சு வெச்சிருக்கேன்."

"துவைச்சுட்டீங்களா" என்றார். "பூனைக்கு வாசனைதான் சார் வீடு. தெரிஞ்சவங்க வாசனை பக்கத்துல இருந்தா தைரியமா சாப்பிடும். சாப்பிட ஆரம்பிச்சதும் அதே துணியை நாய் மேல தடவித் திரும்பவும் உள்ள வெக்கணும். தெரிஞ்ச வாசனையோட கலந்து வந்தா நாயையும் நம்ம ஆளுன்னு சேர்த்துக்கும். அதுவரைக்கும் கதவைத் திறக்காதீங்க."

"அப்படித் துணி ஒண்ணுமே இல்லேன்னா?"

"நாளைக்கும் சாப்பிடலேன்னா உயிருக்கே ஆபத்து சார். எங்கிட்ட கொண்டு வந்துடுங்க. நாய் இல்லாத வீடு ஒண்ணு தெரியும், உடம்பு தேறினதும் அங்க கொடுத்துடலாம்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அக்காவோடு ஒரே அறையில் தூங்கி எழுந்த ஜீவன் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதையும் யார் வீட்டுக்கோ அனுப்பிவிட்டால் அக்கா என்று எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? மருந்துக்கடை முதலாளியைக் கேட்டேன். வெள்ளையடித்தாகிவிட்டது, பழையது ஒன்றுமில்லை என்றார். எங்கள் வீட்டில் அவள் தங்கும்போது போர்த்திக்கொள்ளும் சால்வையைத் தேடி எடுத்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. இத்தனை சுத்தமாக ஒரு மனுஷியை வழித்துத் துடைத்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

மனைவி உள்ளே போனாள். தன் பெட்டிக்கு அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டிய ஒன்றை எடுத்து வந்தாள். மருந்துக்கடையின் ஏசி குளிருக்கு அக்கா தினமும் போட்டுக்கொள்ளும் பழுப்பு ஸ்வெட்டர்.

"அன்னிக்கு மூட்டையிலேர்ந்து இதை மட்டும் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க என்னிக்காவது கேப்பீங்கன்னு. கேக்கவே இல்ல."

உறையைப் பிரித்தேன். மாத்திரைகளின் கசப்பு, தலைவலித் தைலம், கழுத்துப் பக்கம் அவள் கூந்தல் எண்ணெய். எங்கோ அடியில், சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்துச் சண்டை போட்டபோது இருந்த அதே வாசனையும் இருந்தது. அக்கா முழுசாக வந்து நின்றாள். எனக்கு அதைத் திரும்பக் கட்டி என் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"இதை நாய் மேல தேய்ச்சா ஒரு வாரத்துல ஒண்ணும் மிஞ்சாது" என்றேன்.

"மிஞ்சாதுதான்" என்றாள். "ஒரு கையை மட்டும் வெட்டி வெச்சுக்கறீங்களா?"

கத்தரிக்கோலை எடுத்தேன். தோள் தையல் வரை கொண்டுபோனேன். முடியவில்லை. ஸ்வெட்டரை அப்படியே கொண்டுபோய் பீரோவுக்கு முன்னால் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து இஸ்திரி மேஜையில் நின்றேன். அன்று மத்தியானம் எத்தனை சட்டையின் காலரைக் கோணலாகத் தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது. மூன்று மணிக்கு மனைவி காலித் தட்டோடு வந்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் இன்ஸ்பெக்டரின் கழுத்திலும் முதுகிலும் ஸ்வெட்டரைத் தடவினேன். அவர் மாலை மரியாதை நடப்பதுபோல் கண்ணை மூடி நின்றார். ஐந்தாம் நாள் மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் அவர் தட்டு, அந்தப் பக்கம் பூனையின் தட்டு. பத்தாம் நாள் கதவு விரலளவு திறந்தது. ஒரு சீறல் கேட்டது, பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டைக் கவனித்தார்கள். டாக்டரிடம் சொன்னேன். இனி வேறு வீடு பார்க்க வேண்டியதில்லை என்றார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை மூடியிருந்தது. மனைவி உள்ளே வீட்டுத் துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னறையை எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெயிலில் ஸ்வெட்டர் மேல் இன்ஸ்பெக்டர் படுத்திருந்தார். அவர் வயிற்றை ஒட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு, பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

மெதுவாக மண்டியிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கைப்பகுதியை எடுத்து முகர்ந்தேன். நாய். கொஞ்சம் மீன். கழுத்துப் பட்டியிலும் குனிந்து பார்த்தேன், பொத்தான் ஓரத்திலும் பார்த்தேன். எல்லா இடத்திலும் இவர்கள் இரண்டு பேரும்தான் இருந்தார்கள்.

"அக்கா போயிட்டா" என்றேன்.

பத்து வாரத்தில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைக்கும் சத்தம் கேட்டது. வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை, வாய்விட்டு அழுதேன். பூனை கண் விழித்துப் பார்த்தது. ஓடிவிடும் என்று நினைத்தேன். அது அங்கேயே இருந்தது.