கொக்கிலிருந்து

வெள்ளிக்கிழமை காலை வக்கீல் மோரீன் போன் செய்தபோது, அம்மா அடுப்பிலிருந்து நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டித் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் ஆப்ரிகாட் பழ வாசனை. அப்பா மேஜையருகே உட்கார்ந்திருந்தார், வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில். ஜன்னலுக்கு வெளியே, போன அறுவடையின் சோளத்தட்டைகளுக்கு நடுவே, சாம்பல் நிறக் கொக்குகள் நூறு நூறாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. மார்ச் மாதத்தில் எங்கள் நிலம் எங்களுடையது இல்லை.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையின் நடுவில் வைத்தேன்.

"மிஸ்டர் குசேரா, ஒண்ணு கேக்கணும்" என்றாள் மோரீன். "உங்க ஆஸ்பத்திரிக் குறிப்பை மறுபடி படிச்சிட்டிருந்தேன். சேர்ந்த அன்னைக்கு டாக்டர் உங்ககிட்ட, கால் மரத்துப்போனது எப்போலேர்ந்துன்னு கேட்டிருக்கார். நீங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்கார். 'கொக்குலேர்ந்து'ன்னு."

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்" என்றார் அப்பா.

"கொக்குலேர்ந்து உங்களுக்கு ஏதாவது ஒட்டிக்கிச்சா?"

அம்மா சிரித்துவிட்டாள். மோரீன் சிரிக்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்ச் தொடக்கத்தில், வேலி கட்டும்போது முள்கம்பி அப்பாவின் உள்ளங்கையைக் கிழித்தது. கிளினிக்கில் தையல் போட்டு, டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசியும் போட்டு அனுப்பினார்கள். அந்த ஊசி எங்கள் ஊரில் எல்லாருக்கும் போட்டதுதான். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அப்பாவின் உடம்பு மட்டும், என்ன நினைத்துக்கொண்டதோ, தன் நரம்புகளையே எதிரியாக நினைத்து அரிக்கத் தொடங்கியது. மாதக் கடைசியில் அவரால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கில்லன் பாரே என்று அந்த நோய்க்குப் பெயர் சொன்னார்கள். தடுப்பூசியால் லட்சத்தில் ஒருவருக்கு இப்படி ஏதாவது நேர்ந்தால் ஈடு கொடுக்க வாஷிங்டனில் தனியாக ஒரு நிதியும் ஒரு நீதிமன்றமும் இருப்பது போன குளிர்காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. யார்மீதும் பழி போட வேண்டியதில்லை. கெடு மட்டும் உண்டு. மூன்று வருடம்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்துதான் நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்தோம். மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். இன்ஷூரன்ஸ் கைவிட்டதால் நின்றுபோன நடைப் பயிற்சியை அந்த ஈட்டில் திரும்பத் தொடங்கலாம், அப்பா வாக்கரை விட்டுவிட்டு வாசல் கதவுவரை நடக்கலாம். அம்மா அதைத் தினமும் பேசினாள்.

"கெடு ஆஸ்பத்திரி தேதிலேர்ந்து ஓடாது" என்றாள் மோரீன். "நோய்னு கண்டுபிடிச்ச தேதிலேர்ந்தும் ஓடாது. முதல் அறிகுறி என்னைக்கு வந்துச்சோ அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும். அது அறிகுறின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னுகூட அவசியமில்ல."

"யாருக்குமே தெரியலன்னாலும்?" என்று கேட்டேன்.

"யாருக்குமே தெரியலன்னாலும்."

  எங்கேயோ வாஷிங்டனில், எங்களைப் பார்த்தேயிராத ஒரு சட்டம், அப்பாவின் கால்விரலில் முதல் மரமரப்பு வந்த கணத்தைக் கேட்கிறது. அவரே கவனிக்காமல் விட்ட கணத்தை. அன்றைக்கு எங்கள் தலைக்கு மேல் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியிருக்கிறது. நாங்கள் அதன் கீழே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு, மூன்று வருடம் வாழ்ந்திருக்கிறோம்.

"அதனாலதான் கேக்கறேன்" என்றாள் மோரீன். "கொக்கு உங்க ஊருக்கு பிப்ரவரியிலேயே வந்துடும்னு படிச்சேன். நீங்க ஊசி போட்டது மார்ச்ல. எதிர்த் தரப்பு வக்கீல் இந்த ஒரு வார்த்தையை வெச்சே, ஊசிக்கு முன்னாடியே கால் மரத்துப்போச்சுன்னு சொல்லிடுவாங்க."

"ஐயோ, அவர் கொக்கு வந்ததைச் சொல்லலம்மா" என்றாள் அம்மா. "கொக்குக்குப் போனதைச் சொன்னாரு."

மோரீனுக்குப் புரியவில்லை. அவள் ஒமாஹா நகரத்துக்காரி. கொக்கு இறங்கும் எங்கள் ஆற்றிலிருந்து தூரம்.

"நாங்க அப்படித்தாங்க சொல்லுவோம்" என்றார் அப்பா. "சர்ச்சுலேர்ந்து தலைவலின்னு சொல்றதில்லையா, அதுமாதிரி. வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் ஆத்தங்கரைக் கொட்டகையில உக்காந்து கொக்கு இறங்கறதைப் பாப்போம். அன்னைக்கு அங்கதான் எனக்குக் கால் மரத்துப்போச்சு. குளிருன்னு நெனச்சேன்."

"அது என்னைக்கு?"

"அது சனிக்கிழமை" என்றாள் அம்மா சட்டென்று. "மறுநாள் சர்ச்சு விருந்து. கொலாச்சி செஞ்சு வெச்சிட்டுத்தான் வந்தேன்."

மோரீன் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஊசி போட்ட அப்புறம் வந்த சனிக்கிழமைன்னா, கெடு முந்தாநாளே முடிஞ்சிடுச்சு."

அம்மாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுக்கவில்லை. "நான் தப்பா சொல்லியிருக்கலாம்" என்றாள். "எத்தனையோ சனிக்கிழமை செஞ்சிருக்கேன். வேற நாளா இருக்கும். டெல்மர், நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கு நாள் ஞாபகம் இல்ல, லோரெட்டா."

"ஞாபகப்படுத்திக்கோங்க."

"இல்லாததை எப்படிப் படுத்தறது? தெரியாததைத் தெரியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"எனக்குப் பிடிச்ச நாளைச் சொல்ல வேண்டாம்" என்றாள் மோரீனும். "தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. ஏதாவது போட்டோ?"

போட்டோ இல்லை. கொட்டகையில் போனுக்கு இடமில்லை. வாசலிலேயே ஒரு மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திரை வெளிச்சம் ஒரு துளி பட்டால் போதும், கொக்கு இறங்காது. ரோலண்ட் ஹிங்க்ஸின் சட்டம் அது. கொட்டகை அவருடையது.

அந்த ரோலண்டே அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு வந்தார். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் காபிக்கு வருகிறவர். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தச் சாயங்காலம்னா கேக்கறீங்க?" என்றார் அவர். "இவன் காலைத் தட்டி ஆத்தையே எழுப்பிவிட்டானே, அந்தச் சாயங்காலம். இன்னும் இவனை நான் மன்னிக்கல."

அவ்வளவுதான். எனக்கு எல்லாம் திரும்ப வந்துவிட்டது.

மறைவான அந்தப் பலகைக் கொட்டகையின் சிறு திறப்புகள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிளாட் ஆற்றின் மணல்திட்டெல்லாம் கொக்கு. இன்னும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன, கால்களைத் தொங்கவிட்டு, நெற்றியில் சிவப்புப் பொட்டோடு. அவற்றின் குரலில் பலகைகள் அதிர்ந்தன. அப்பா என் காதில், "காலு இருக்கறதே தெரியலடி டெஸ்ஸா" என்றார். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன். அவர் ரத்தம் ஓடட்டும் என்று தரையில் காலைத் தட்டினார். அது எவ்வளவு பலமாகத் தட்டியது என்று அவருக்கே தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்தக் கால் அவருக்குச் சொல்வதை நிறுத்தியிருந்தது. டமார் என்ற அந்த ஒரு சத்தத்தில் திட்டு முழுவதும் எழுந்தது. ஆறே தன் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தது போல. வானம் மறைந்தது. சத்தம் என் விலா எலும்புக்குள் புகுந்தது. ஆயிரமாயிரம் சிறகுகளுக்கு நடுவே, பெரிதாக, மஞ்சளாக...

"நிலா" என்றேன். "நிலா ஏறிட்டிருந்துச்சு. கொக்குங்களுக்கு நடுவால."

"ஆமா" என்றார் ரோலண்ட். "மேக்கால சூரியன் இன்னும் முழுசா இறங்கல. கிழக்கால இது ஏறிடுச்சு. ரெண்டையும் ஒரே நேரத்துல பாத்தேன். அதைப் பாக்கவிடாம என் பறவையெல்லாம் இவன் கிளப்பிவிட்டானேன்னு எனக்கு அழுகையே வந்துச்சு."

அப்பா நிமிர்ந்தார். "சூரியன் இறங்கறப்போ எதிர்ல ஏறினா அது பௌர்ணமி நிலா. வேற எந்த நிலாவும் அப்படி ஏறாது."

"அந்தச் சனிக்கிழமை பௌர்ணமியா?" என்று அம்மா யாரிடமோ கேட்டாள். கடவுளிடமாகவும் இருக்கலாம்.

"பொறுங்க" என்றாள் மோரீன். விசைப்பலகைச் சத்தம். நாங்கள் நான்கு பேரும் அந்தச் சின்னப் போனைச் சுற்றிக் குனிந்திருந்தோம். கொலாச்சி ஆறிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கொக்கு சோளத்தட்டையைத் தூக்கிப் போட்டு, சிறகை விரித்துக் குதித்து ஆடியது.

"சனிக்கிழமை இல்ல. அன்னைக்கு நிலா பொழுது சாயறப்பவே நடுவானத்துல இருந்திருக்கு" என்றாள் மோரீன். அவள் குரல் மாறியிருந்தது. "பௌர்ணமி அடுத்த வாரம். வியாழக்கிழமை. பதினேழாம் தேதி."

"ஐயோ, வியாழக்கிழமை" என்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அது சர்ச்சு விருந்துக்கு இல்ல. ஸ்கூல் விருந்துக்குச் செஞ்சேன்."

"அப்போ கெடு?" என்றேன்.

"வர்ற திங்கக்கிழமை. ஆனா நான் திங்கக்கிழமை வரைக்கும் உக்காந்திருக்க மாட்டேன். இன்னைக்கே மனு போடறேன். உங்க வாக்குமூலத்தையெல்லாம் அப்புறமா சேத்துக்கலாம். மிஸ்டர் ஹிங்க்ஸ், நீங்களும் ஒண்ணு எழுதித் தரணும்."

"எதுக்கு?"

"அவர் காலைத் தட்டினதுக்கு."

"அதுக்கு நான் பத்துப் பக்கம் எழுதுவேன்" என்றார் ரோலண்ட்.

"கொக்கு தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிச்ச கதையாப் போச்சு" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார். "நாள் தெரியணும்னா நிலாவைப் புடி, நிலா தெரியணும்னா ரோலண்டைப் புடி."

மதியம் மூன்று மணிபோல மோரீன் திரும்ப அழைத்தாள். மனுவை நீதிமன்றம் பெற்றுக்கொண்டது. ஈடு கிடைக்குமா என்பது இனிமேல் தெரியவேண்டியது. அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடமும் ஆகலாம். ஆனால் கதவு மூடுவதற்கு முன் உள்ளே போய்விட்டோம். அம்மா ஒரு கொலாச்சியை எடுத்துக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை அப்பா கொக்குக்குப் போகவேண்டும் என்றார். மூன்று வருடமாக அவர் போகவில்லை. ரோலண்டும் நானும் இருபுறமும் தாங்கி, வாக்கரோடு, உறைந்த புல்லில் அவரை நடத்திச் சென்றோம். வாசலில் போன்களைப் பெட்டியில் போட்டோம்.

"கால்மேல கையை வெச்சுக்கோ" என்றார் ரோலண்ட் கிசுகிசுப்பாக. "தட்டின, அவ்வளவுதான்."

"தட்டினா இன்னொரு கேஸ் போட்டுடுவியா?"

கொக்குகள் வந்தன. முதலில் காதுக்குத்தான் வந்தன, வானத்தின் ஓரத்திலிருந்து எதையோ உருட்டுவது போல. பிறகு வரிவரியாக, வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அவை மனிதர் யாரும் இல்லாத காலத்திலிருந்து இந்த ஆற்றுக்கு இந்த மாதத்தில் வந்துகொண்டிருக்கின்றன என்கிறார்கள். யாரும் நினைவுபடுத்தாமல், யாரிடமும் தேதி கேட்காமல். அவற்றின் நடுவில் ஒரு மனிதன் காலைத் தட்டிய கணம் வாஷிங்டனில் ஒரு மனுவில் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்தேன். மூச்சுவிடவே தயக்கமாக இருந்தது.

சூரியன் இறங்கிவிட்டது. கிழக்கு இன்னும் வெறுமையாக இருந்தது.

"நேத்தே பௌர்ணமி போயிடுச்சு" என்றார் ரோலண்ட். "இன்னைக்கு நிலா லேட்டுதான்."

"வரட்டும்" என்றார் அப்பா. "அதுக்குக் கெடு இல்ல."

அவர் இடது கையை வாக்கரில் ஊன்றி, பழைய தையல் தழும்பு இருந்த வலது உள்ளங்கையைப் பலகைச் சுவரில் பதித்தார். கொக்குகளின் குரலில் பலகை நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நிலா வரும்வரை நாங்கள் அப்படியே நின்றோம்.