வலது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது

என் மனைவியின் அண்ணனோடு அன்று காலையிலிருந்து எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. குளியலறைக்குள் யார் முதலில் போவது என்பதில் தொடங்கிய சண்டை, அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பது வரை போய்விட்டது. தன் மனைவி பிரிந்துபோனதிலிருந்து மச்சான் எங்களோடுதான் இருக்கிறார். இருப்பது ஒரே ஒரு படுக்கையறை. கூடத்தை அடைத்துப் படுத்துக்கொண்டு, நான் கதவைச் சாத்தினால்கூட, "மெதுவா சாத்தத் தெரியாதா மாப்ள?" என்பார். வீட்டில்தான் இந்தப் பாடு என்றால் வேலையும் ஒரே விமான நிலையத்தில். யாரிடம் போய் அழ?

விமானம் வந்து நின்றதும் முன்சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, ஹெட்போன் வயரைச் செருகி விமானியோடு பேசுவது என் வேலை. மூட்டை இறக்கும் பெல்ட் வண்டி மச்சானுடையது. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விமானத்தின் வயிற்றில் மின்னும் சிவப்பு விளக்கு அணையும் வரை எவனும் கிட்டே போக மாட்டான். அது அணைந்தால் எஞ்சின் நின்றுவிட்டது என்று பொருள். காதை நம்பிப் பயனில்லை. காதில் அடைப்பான், பக்கத்திலும் ஒரு விமானம் கத்திக்கொண்டிருக்கும். எது எதன் சத்தம் என்று ஆண்டவனுக்கே தெரியாது.

அன்று மதியம் வந்த விமானத்தில் ஒரு கோளாறு. நின்ற பிறகும் மின்சாரம் கொடுக்க வாலில் ஒரு சின்ன எஞ்சின் இருக்குமே, அது வேலை செய்யவில்லை. தரையிலிருந்து கேபிள் கொடுக்கும் வரை வலது எஞ்சினை ஓட விட வேண்டும். சூப்பர்வைசர் எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்து இதைச் சொன்னார். அப்போது மச்சான் அங்கே இல்லை. வரவேண்டிய பெல்ட் வண்டி வழியில் மக்கர் செய்ததால் கடைசி நேரத்தில் அவரைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

நான் விமானத்தின் மூக்குக்கு நேராக நடந்து போய்க் கட்டை வைத்தேன். கேபிள்காரர் பிளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் நிற்கும் வரை நான் அந்தச் சக்கரத்தை விட்டு நகரக் கூடாது. பக்கவாட்டில் நாலடி தள்ளி நடந்தால் போதும், எஞ்சின் ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"கிரவுண்ட், கரண்ட் வந்துச்சா?" என்று கேட்டார் கேப்டன்.

"இன்னும் இல்ல சார்."

அப்போதுதான் வலது பக்கம் மச்சானின் வண்டியைப் பார்த்தேன். விமானத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் எல்லைக் கோட்டருகே நிறுத்தினார், இறங்கினார், விமானத்தின் வயிற்றைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. பாழாய்ப்போன அந்த விளக்கு எரியவே இல்லை. வரும் வழியிலேயே பழுதாகியிருக்க வேண்டும். மேலே முதுகில் இருக்கும் விளக்கு கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மூட்டை அறைக் கதவைத் திறக்க மச்சான் நடக்க ஆரம்பித்தார். அந்தக் கதவு எஞ்சினுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது.

"மச்சான்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒரு கை ஹெட்போன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது, மறு கையைத் தலைக்கு மேல் தூக்கி வீசினேன். அவர் திரும்பவில்லை. ஓடிப்போய்த் தடுக்கலாம் என்றால் நடுவில் எஞ்சினின் வாய். ஹெட்போனைக் கழற்றி எறிந்தால் கேப்டனிடம் சொல்ல ஆளில்லை. என் மனைவியின் முகம் கண் முன்னால் வந்தது. அவளிடம் நான் என்ன சொல்வேன்?

"சார், எஞ்சினை நிறுத்துங்க."

"கரண்ட் இல்லாமயா? உள்ள எல்லாம் இருட்டாயிடும்பா."

மச்சானின் வேகம் கூடியது. வழுக்கையை மறைக்க எப்போதும் ஒரு தொப்பி போடுவார், போடாதே என்று சூப்பர்வைசர் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்டதில்லை. அது தலையிலிருந்து எழும்பிப் பின்பக்கம் பறந்தது. அதைப் பிடிக்க அவர் எஞ்சின் பக்கமாகத் திரும்பினார்.

"ஆளு சார்! எஞ்சின் முன்னாடி ஆளு!"

ஜன்னல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டன. இரைச்சல் இறங்கத் தொடங்கியது. மச்சான் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். தொப்பி உள்ளே போய்விட்டிருந்தது.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் கேப்டன்.

"இல்ல சார்," என்றேன்.

அப்போதும் என்னால் போக முடியவில்லை. எஞ்சினின் விசிறி முழுதாக நிற்க வேண்டும். அவர் அங்கே வெறுந்தலையோடு நிற்கிறார், நான் இங்கே சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இதழ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறி நின்றதும் ஓடினேன். போன வேகத்தில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"கண்ணு பொட்டையா போச்சா உங்களுக்கு? இந்நேரம் என்ன ஆகியிருக்கும் தெரியுமா?"

"விளக்கு எரியலையே மாப்ள."

"நான் கைய ஆட்டினேனே, ஒரு தடவை என் பக்கம் திரும்பினா என்ன?"

அவர் தரையைப் பார்த்தார். உதடு கோணியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, மனைவி போன அன்றைக்குக்கூட.

"பாத்தேன் மாப்ள," என்றார். "ஓரக்கண்ணால பாத்தேன். காலைல போட்ட சண்டைக்கு சமாதானம் பேசத்தான் நீ கூப்பிடறேன்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும்னு வேகமா நடந்தேன்."