சட்டிப்பாறையின் பதினோரு கரடிகள்

கரடிகளை எண்ணுவதற்காகச் சட்டிப்பாறைக்கு வந்த சௌபர்ணிகாவுக்கு முதல் வாரம் முழுக்க எறும்போடுதான் மல்லுக்கட்டு.

சிங்கம்புணரியைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கும் கடலைக் கொல்லைகளுக்கும் அப்பால், கவிழ்த்துவைத்த சட்டிபோல் உட்கார்ந்திருக்கும் மலை அது. அங்கே கரடி இருப்பது அடிவாரத்துக் கூத்தன்பட்டிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எத்தனை என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. "ரெண்டு மூணு கெடக்கும்" என்பார்கள், கொல்லைப்புறத்துப் பழைய அண்டாவைச் சொல்வதுபோல. சுற்றுவட்டார மலைகளில் கரடி அற்றுப்போய் வெகுகாலமாகிவிட்டதால், இங்கே மிச்சம் எத்தனை என்று வனத்துறைக்குத் தெரிய வேண்டியிருந்தது. விலங்கியல் படித்துவிட்டு, சிங்கப்பூர் வரன்களைத் தட்டிக்கழித்துக்கொண்டு காரைக்குடியில் இருந்த சௌபர்ணிகா, ஒப்பந்த வேலையில் வந்து சேர்ந்தாள்.

எண்ணும் முறை சுலபமானதுதான். ஒவ்வொரு கரடிக்கும் நெஞ்சில் மாலை போட்டாற்போல ஒரு வெள்ளைக் குறி உண்டு. ஒன்றின் மாலை இன்னொன்றுக்கு இருக்காது. ஆனால் நாலு காலில் நடக்கும் கரடி நெஞ்சைக் காட்டாது. அதை எழுந்து நிற்கவைக்க வேண்டும். இரண்டு கம்பம் நட்டு, குறுக்கே ஒரு கட்டை போட்டு, அதில் கருப்பட்டியும் கனிந்த வாழைப்பழமும் கட்டிய சாக்கைத் தொங்கவிட்டாள். எதிர் மரத்தில், ஆள் அசைந்தால் தானே படமெடுக்கும் கேமரா. கரடி வரும், கம்பத்தைக் கட்டிப்பிடித்து எழும்பும், நெஞ்சைக் காட்டும் என்பது ஏற்பாடு.

கரடிக்கு முன்னால் எறும்பு வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் சாக்கே ஊர்ந்துகொண்டிருந்தது.

"கரடிக்கு எறும்புன்னா உசுராச்சே ஆச்சி. தொட்டுக்க வச்சுக்கிரும்," என்றார் வனக்காவலர் காசி. இருபத்தேழு வயதில் ஆச்சி என்று கூப்பிடாதீர்கள் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. காரைக்குடி வீட்டுப் பெண்ணை வேறெப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தொட்டுக்கத்தான் இருக்குண்ணே. சாப்பிட ஒண்ணும் மிஞ்சல."

பலகாரம் எறும்பு மொய்த்துக் கிடப்பதைச் சகித்துக்கொள்ளும் வளர்ப்பு அவளுக்கில்லை. அவளுடைய தாயார் தேனம்மை, முறுக்கு டின்னையும் அதிரச டின்னையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவைப்பார். அந்தக் கோட்டைத் தாண்டிய எறும்பு அவர்கள் வீட்டு வரலாற்றிலேயே கிடையாது. சௌபர்ணிகா சிங்கம்புணரிச் சந்தையில் சுண்ணாம்பு வாங்கினாள். வாளியில் கெட்டியாகக் கரைத்து இரண்டு கம்பத்துக்கும் அடியிலிருந்து நுனிவரை பூசினாள். எறும்பு நின்றுபோனது. பனியில் வெளுப்பு மங்கும்போதெல்லாம் இன்னொரு பூச்சு பூசினாள்.

அப்புறம் கரடிகள் வந்தன. வந்தன என்றால் அப்படி வந்தன! ஒன்றுக்கு ஒற்றை வரி மாலை. இன்னொன்றுக்குப் பட்டையான மாலை. ஒன்றுக்கு இடப்பக்கம் கிளை பிரிந்திருந்தது. ஒன்றுக்கு மாலையோடு பதக்கமும் தொங்கியது. மாதம் முடிவதற்குள் கணக்கு பதினொன்றில் வந்து நின்றது. வனச்சரகர் ஜோசப் ராஜுக்குப் படங்களை அனுப்பினாள்.

"பதினொண்ணா?" அவர் குரல் போனிலேயே எழுந்து நின்றது. "நாலஞ்சு இருந்தாலே பெருசுன்னுல்லம்மா நெனச்சேன்!"

அன்றிரவு சௌபர்ணிகா சிரித்த முகமாகத் தூங்கினாள். தப்பு அங்கேதான் ஆரம்பமாயிற்று.

பதினொன்று என்ற சொல் அவளுக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. ரெண்டு மூணு கரடியோடு காலங்காலமாகக் குடித்தனம் நடத்திய ஊர், பதினொன்று என்றதும் பதறியது.

"ஒரு கிரிக்கெட் டீமே மேல உக்காந்திருக்கு. எந்நேரம் எறங்கி ஆடுமோ?" என்றாள் இட்லிக் கடை பொன்னுத்தாயி. அடிவாரத்தில் அவள் கடையில் போடும் பேச்சுத்தான் ஊருக்குச் செய்தி.

கடலைக் கொல்லைக்குப் போகிறவர்கள் பொழுதிருக்கவே திரும்பினார்கள். இருட்டில் மாடு தும்மினாலும் வெடி போட்டார்கள். மனு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலிடத்திலும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். இத்தனூண்டு மலையில் பதினொன்றுக்கு ஏது தீனி? ஆறைக் கூண்டு வைத்துப் பிடித்து மேற்கே பெரிய காட்டில் விட்டுவிடலாம். இங்கே ஐந்து இருக்கட்டும். சௌபர்ணிகா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "நீ குடுத்த கணக்குத்தானம்மா?" என்றார் ஜோசப் ராஜ்.

கூண்டு வருகிற நாள் காலையில், கேமராவிலிருந்த கடைசிப் படங்களை எடுத்துவரக் காசியோடு மலையேறினாள். சாக்கை அவிழ்க்க எட்டியவளுக்குக் கால் வழுக்கிற்று. கம்பத்தை மார்போடு கட்டிப்பிடித்துத் தப்பித்தாள். திரும்பியவளைப் பார்த்துக் காசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பன்னண்டாவது கரடி! ஆச்சி, அப்படியே நில்லுங்க, ஒரு போட்டா எடுத்துக்கிறேன்!"

அவளுடைய கறுப்புச் சுடிதாரில், தோளிலிருந்து இடுப்புவரை ஒரு வெள்ளைப் பட்டை சாய்வாக இறங்கியிருந்தது. அவளும் சிரித்தாள். குனிந்து அந்தப் பட்டையைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அங்கேயே பாறையில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை நெஞ்சைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள். வலது காது கிழிந்த ஒரு கரடி, நாலு வெவ்வேறு மாலையோடு நாலு எண்ணில் நின்றுகொண்டிருந்தது. மூக்கில் தழும்புள்ளது மூன்று தடவை. நகம் முறிந்ததும் அப்படியே. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது நாலே நாலு.

"அண்ணே, இருக்கதே நாலுதான். நான் பூசுன சுண்ணாம்பு அதுக நெஞ்சுல ஒட்டி ஒட்டி, தெனம் ஒரு புதுக் கரடி."

காசி கம்பத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "நாலுல ஆறைப் பிடிச்சா?"

"மலையில ஒண்ணும் இருக்காது."

"இப்பப் போய்ச் சொன்னா உங்களை என்ன பேச்சுப் பேசுவாக தெரியுமில்ல?"

"பேசிட்டுப் போறாகண்ணே. சுண்ணாம்பு வாளியை எடுங்க."

அடிவாரத்தில் கூண்டு லாரி வந்து நின்றிருந்தது. பொன்னுத்தாயி கடைப் பந்தலில் பாதி ஊர் கூடியிருக்க, ஜோசப் ராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தார். சௌபர்ணிகா மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

"நேத்துப் பதினொண்ணு, கூண்டைக் கண்டதும் நாலா?" என்றாள் பொன்னுத்தாயி. "ஏந்தாயி, கரடிக கூட ஏதும் சம்பந்தம் பேசி முடிச்சிட்டியா?"

"சுண்ணாம்பு ஒட்டுனா சுண்ணாம்பாட்டந்தான இருக்கும்? எங்களுக்குக் கண்ணு தெரியாதாக்கும்?" என்று இன்னொருவர்.

"மேல எழுதிப் போட்டாச்சேம்மா," என்றார் ஜோசப் ராஜ். முகத்தில் எரிச்சலைவிடக் கலக்கம்தான் அதிகம். "வார்த்தையில சொல்லி நான் யாரை நம்பவைக்க?"

சௌபர்ணிகா பொன்னுத்தாயியின் கறுப்புக் கம்பளியைக் கேட்டு வாங்கினாள். லாரிக்கு அந்தப் பக்கம், பந்தலிலிருந்து தெரியாத மறைவில் நட்டிருந்த மரக்கம்பத்தில் வாளிச் சுண்ணாம்பைப் பூசினாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு காசி கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். கழுத்துக்குக் கீழே மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். துடைத்துவிட்டு, சாய்ந்து ஒருமுறை. குதித்து ஒருமுறை. முதுகு சொறிவதுபோல இப்படியும் அப்படியும் தேய்த்து ஒருமுறை. கரடியாக இருப்பது காசிக்குப் பிடித்துப்போய்விட்டது. போதும் என்று சொன்ன பிறகும் ஒருமுறை உறுமினார்.

பந்தலுக்கு வந்து போனை நீட்டினாள். "எத்தனை ஆளுன்னு சொல்லுங்கக்கா."

பொன்னுத்தாயி தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இது ஒருத்தன். இவன் வேற. இது… இதுவும் வேறதான். நாலு பேரு." சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். மறுபடியும் முதல் படத்துக்குப் போனவள் சட்டென்று போனைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"அட, செருப்பைப் பாருங்கப்பா! ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல பச்சை. எல்லாத்துலயும் அதே செருப்பு. இந்தக் கோலத்துல ஊருக்குள்ள திரியிறது ஒரே ஆளுதான். காசிப்பயலே, வெளிய வா!"

லாரிக்குப் பின்னாலிருந்து கம்பளியோடு காசி வந்தார். பந்தலே சிரிப்பில் குலுங்கியது. சிரிப்பு அடங்குமுன் சௌபர்ணிகா கரடிப் படங்களைத் திறந்தாள். "செருப்பைப் பாத்தீகல்ல? இப்ப இந்தக் காதைப் பாருங்க." போன் கைக்குக் கை போனது. கிழிந்த காதை இரண்டு பேர் அடையாளமே சொன்னார்கள். கடலைக் கொல்லையில் ராத்திரிக்கு வந்து போகிறவன் அவன்தானாம்.

ஜோசப் ராஜ் மேலிடத்தோடு பேசத் தன் போனை எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார். இங்கிருந்து பார்த்தால், பேசியதைவிடத் தலையாட்டியதுதான் அதிகம். திரும்பி வந்து ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"கூண்டு வேண்டாமுன்னுட்டாக. உன்னைப் பத்தி அவுக சொன்னதை நான் திருப்பிச் சொல்லலை. சுண்ணாம்பு இல்லாம மறுபடி முதல்லருந்து எண்ணு. இப்போதைக்கு என்ன எழுதிக்கட்டும், நாலா?"

"நாலுக்குக் குறையாது, ஆறுக்கு மேல போகாது சார்."

"இது என்ன புதுக் கூத்து?" என்றாள் பொன்னுத்தாயி. "அந்த ரெண்டை யாரு பாத்தா?"

"யாருமே பாக்கலக்கா. கல்யாண வீட்டுல வந்து நிக்கிறவகளுக்கு மட்டுமா சமைப்பீக? வந்தவகளை எண்ணிக்கிட்டு, இன்னும் கண்ணுல படாதவகளுக்கும் ரெண்டு எலை சேத்துத்தானே வைப்பீக?"

பொன்னுத்தாயி யோசித்தாள். அவள் பல பந்திகளைப் பார்த்தவள். "அது சரி. ஆனா பதினொரு எலை போட்டது கொஞ்சம் ஓவருதான் தாயி," என்றாள்.

லாரி வெறுமனே சிங்கம்புணரிக்குத் திரும்ப வேண்டும். சந்தை நாள். பஸ் வருவதற்கு நேரம் கிடந்தது. யாரும் சொல்லாமலே பெண்கள் கூடைகளோடு கூண்டுக்குள் ஏறினார்கள். அதில் மனிதர் ஏறக்கூடாது என்று ஜோசப் ராஜ் சட்டம் பேசினார். பொன்னுத்தாயி கடையைச் சாத்திவிட்டு அவர் முன்னாலேயே ஏறினாள்.

"யப்பா டிரைவரு, பெரிய காட்டுக்குக் கொண்டுபோய் விட்டுறாத, சந்தையிலயே எறக்கி விடு!" என்றவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். "ஏ தாயி, ஒரு போட்டா எடு! உள்ள எத்தனை பேருன்னு சரியாச் சொல்லு பாப்போம்!"

சௌபர்ணிகா எடுத்தாள். லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு காசியும் அவளும் படத்தை உற்றுப் பார்த்தார்கள். ஐந்து முகம் தெளிவாகத் தெரிந்தது. ஓரத்தில், கூடைக்குப் பின்னால், யாருடையதென்று தெரியாத ஒரு வளையல் கை.

"அஞ்சா, ஆறா ஆச்சி?"

"அஞ்சுக்குக் குறையாதுண்ணே," என்றாள் அவள்.