ரெண்டு நீலக் கிளிப்

1.

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடிக் கொடியில் கிடைத்தது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற வழியில் எங்கள் அபார்ட்மென்ட். துணி காயப்போட வீட்டுக்கு ஒரு நாள். ஞாயிறு மூணாம் மாடி வேணியுடையது. என் நாள் புதன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மேலே என்ன வேலை என்று கேட்காதீர்கள். எந்த வீட்டுக்கு விருந்தாளி, எந்த வீட்டில் சண்டை, எல்லாம் கொடியில் தொங்கும். நான் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

2.

முதல் தொடக்கம்: 'வேணி, தில்லை நகர் லேப் ஒன்றில் ரத்தம் எடுக்கிற சாதாரணப் பெண்—'

(அடித்துவிட்டேன். சாதாரணப் பெண்ணாம். இதை எழுதுகிறவள் என்னமோ மகாராணி மாதிரி.)

இரண்டாவது தொடக்கம்: 'சீரியலில் பத்துப் பேரை ஒரே கையால் அடிக்கிற சிவசங்கர், ஊசியைப் பார்த்ததும் வேணியின் கையைப் பிடித்துக்கொண்டான்—'

இது நன்றாக இருக்கிறது. ஆனால் போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தேன். (சிவசங்கர் நான் வைத்த பெயர். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று அப்போதும் நினைத்தேன்.)

போன தடவை என்றால், யூடியூபில் வருகிற கார்ட்டூன் தொடர். ஒரு அபார்ட்மென்ட், வாராவாரம் ஒரு கூத்து. எழுதுவது நான், டைட்டிலில் வருவது 'பவுனம்மாள்' என்ற புனைபெயர். வேணிக்கு நான் பத்திரிகையில் கதை எழுதுகிற அக்கா மட்டும்தான். பதினாலாவது எபிசோடில், பல் டாக்டரிடம் வேலை செய்கிற பெண் ஒருத்தி பிரபல ஹீரோவைக் காதலிக்கிறாள். ரத்தத்தைப் பல்லாக மாற்றிவிட்டேன், பார்த்தீர்களா? எவ்வளவு நாசூக்கு.

3.

நடந்தது இது. மாதம் ஒரு ஞாயிறு சிவசங்கர் வருவான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே மூணு மாடியும் ஏறுவான்.

"ஏன் தம்பி, படிக்கட்டுலயும் போலீஸ் புடிக்குதா?" என்பார் வாட்ச்மேன் பிச்சை. ஹெல்மெட் பதில் சொல்லாது. நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன்.

வேணி பெற்றவர்களிடம்கூடச் சொல்லவில்லை. "யாரும்மா அந்த ஹெல்மெட்டு?" என்று நான் நாலு தடவை குடைந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். எல்லாம் சொன்னாள், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைக் கொடியில் பார்த்தேன். மேலே கைக்குட்டை போர்த்தி, ரெண்டு நீலக் கிளிப் மாட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு விக். ஊரே மயங்குகிற அந்தச் சுருள்முடி. ஹெல்மெட் வேர்வை போக வேணி அலசிப் போட்டிருக்கிறாள். காக்கா ஒன்று கைக்குட்டையை இழுத்தது. சூ என்று விரட்டினேன்.

(இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் நான் செய்கிற நல்ல காரியம் இது ஒன்றுதான்.)

எபிசோடில் காக்காவை விரட்டவில்லை. விக்கோடு பறக்க விட்டேன். படம் வரைகிற அருள்ராஜ் போனில் கேட்டான்: "கிளிப்பு என்ன கலருங்க?"

"நீலம். ரெண்டு."

எழுத்தில் நுணுக்கம் முக்கியம் இல்லையா.

4.

நாலு லட்சம் பேர் சிரித்தார்கள். அது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சிவசங்கருக்குத் தெரிந்தது. வேணி தன் போனை என்னிடம் நீட்டினாள். அவன் அனுப்பியிருந்தது ஒரே வரி: 'ரெண்டு நீலக் கிளிப்புன்னு கூடவா சொன்னே?' அதன் பிறகு அவள் அழைத்தால் எடுப்பதில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. உங்ககிட்டகூடச் சொல்லலையே."

"ஆமாம்மா."

"மேக்கப்காரருக்கு விக்கு தெரியும். கிளிப்பு எப்படிக்கா தெரியும்?"

"பிச்சை அப்பப்போ டேங்க் பார்க்க மேல போவாரே..."

(இந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை ரெண்டு முறை வைத்தேன். இருக்கட்டும். நான் சொன்னதுதான்.)

வேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எழுதறவங்க. அவரு நம்பற மாதிரி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கக்கா."

5.

எழுதினேன். 'சத்தியமா நான் சொல்லலைங்க' என்று அவள் சொன்னதை 'என் மௌனத்தைச் சந்தேகிக்காதே' என்று திருத்தினேன். படித்துப் பார்த்தவள், "நான் இப்படிப் பேச மாட்டேனேக்கா" என்றாள்.

ஒரு முடிவு: பழி பிச்சை மேல் விழுகிறது. அவர் வேலை போகிறது. ஹெல்மெட் திரும்ப வருகிறது. எல்லாருக்கும் சுபம், பிச்சையைத் தவிர. கார்ட்டூனுக்கு இது தாராளம்.

இன்னொரு முடிவு: கடிதத்தில் ஒரே வரி சேர்ப்பது. 'கொடியில் பார்த்ததும் அந்த எபிசோடை எழுதியதும் பக்கத்து வீட்டுக்காரி.' அவன் திரும்ப வரலாம். வேணி என் வாசற்படி மிதிக்க மாட்டாள். அவளைத் தவிர எனக்கு இந்த அபார்ட்மென்டில்—

6.

வேணி எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடிதத்தை மறுபடி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதிக்கொண்டிருப்பது இதை.

"முடிஞ்சுதாக்கா?"

"கடைசி வரிம்மா."

"இந்தத் தடவை நான் பேசற மாதிரி எழுதியிருக்கீங்களா?"

"நீ பேசினது அப்படியே இருக்கு."

நோட்டை நீட்டினால், முதல் வரியிலேயே கொடி. இந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்லதாக ஒரு கடிதம் எழுதவும் நேரம் இருக்கிறது. இவ்வளவு தூரம் என்னைப் பார்த்துவிட்டீர்கள். நான் எதைச் செய்கிற ஆள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கீழே பிச்சை மோட்டார் போடுகிற சத்தம். வேணி கையை நீட்டுகிறாள்.

"குடுங்கக்கா, படிக்கறேன்."